இளம் மிஷனரிகள் ஏன் எப்போதும் இருவராகவே இருக்கிறார்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (பலரும் மார்மன் சபை என்பார்கள்) இளைஞர்கள் 24 மாதங்கள் மிஷனரிகளாக ஊழியம் செய்கிறார்கள். பயிற்சி தொடங்கியதுமே ஒவ்வொருவருக்கும் ஒரு ‘துணைவர்’ உண்டு. வேதவாசிப்பு, சாப்பாடு, தெருவில் நடப்பது எல்லாம் அவரோடுதான்.

இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியதே அடிப்படைக் காரணம், பாதுகாப்பும் ஒன்று. பொறுமையைப் பற்றிப் படிப்பது எளிது. இரவெல்லாம் குறட்டை விட்டவரோடு காலையில் முகம் சுளிக்காமல் ஜெபிப்பதுதான் கடினம். உண்மையான பயிற்சி அங்கேதான் நடக்கிறது என்பேன். ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முந்தினாலும் உழவு கோணிவிடும் அல்லவா?

துணி துவைக்க, கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படும். வீட்டோடு பேசவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 2019 முதல் வாரந்தோறும் பேச அனுமதி இருக்கிறது.