எக்ஸ்-பிளேன் 11-இலிருந்து 12-க்கு மாறினால் பழைய ஆட்-ஆன்கள் வேலை செய்யுமா?

எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரின் (சிம்) 11-ஆம் பதிப்பில் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த விமானங்கள், விமான நிலையங்கள், பிளக்இன்கள் (சிம்மோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்கள்) எல்லாம் 12 வாங்கினால் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் வீணாகாது. ஆனால் கொஞ்சம் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

நான் பார்த்தவரை, ஆட்-ஆனுக்குள் இருப்பது வெறும் தரவா, ஓடுகிற நிரலா என்பதுதான் கணக்கு. கட்டடங்களின் மாடல், தரைப்படம், ஓடுபாதையின் அமைப்பு இதெல்லாம் தரவு, பெரும்பாலும் தப்பித்துவிடும். பிளக்இன் என்றால் சந்தேகம்தான். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2017-இல் பிரிபேர்3டி என்ற இன்னொரு சிமுலேட்டரின் 4-ஆம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியது. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் (விண்டோஸ் நிரல்) கோப்பை ஏற்றவே முடியாது. மைக்ரோசாஃப்டின் 32 பிட் சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் வாங்கிய ஒரு விமானத்தை அதில் போட்டேன். வெளியே நின்று பார்த்தால் பளபளவென்று இருந்தது. காக்பிட்டுக்குள் போனால் கேஜ்கள் (அளவு காட்டும் கருவிகள்) இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஓட்டைகள். விற்றவருக்கு எழுதினேன், புதிய பதிப்பைப் புதிதாக வாங்கச் சொல்லிப் பதில் வந்தது.

11, 12 இரண்டுமே 64 பிட் என்பதால் அவ்வளவு மோசமாகாது. இங்கே சிக்கல் வரைகலையில் இருக்கிறது. 11 ஆரம்பத்தில் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை முறையில் ஓடியது, 11.50 வந்தபோது வல்கன், மெட்டல் என்ற புதிய முறைகள் சேர்ந்தன. 12-இல் சிம் வரைவது அவை இரண்டில் மட்டும்தான். அதனால் தாமாகவே மேகம் வரைந்த, கண்ணாடியில் மழைத்துளி வரைந்த பழைய பிளக்இன்களை மறந்துவிடுங்கள். பெரிய நஷ்டமும் இல்லை, மேகமும் மழையும் 12-இலேயே நன்றாக இருக்கின்றன. என்ன, பழைய விமானத்தின் கண்ணாடியில் மட்டும் மழை விழாது. அதைச் செய்தவர் 12-க்கென்று கண்ணாடியைத் தயார் செய்திருக்க வேண்டும். ஃபிளைவித்லுவா (லுவா மொழியில் எழுதிய சிறு நிரல்களை சிம்மில் ஓட்டும் பிளக்இன்) வைத்திருந்தால் 12-க்கு என்ஜி பிளஸ் என்று தனிப் பதிப்பு இருக்கிறது, அதை எடுங்கள். எம்1 மாதிரியான ஆப்பிள் சில்லு உள்ள மேக்கில் இன்னொரு வம்பு: 12 அதில் நேரடியாக ஓடும், ஆனால் இன்டெலுக்காக எழுதிய பிளக்இன் ஏறாது. சிம்மையே ரோசெட்டாவில் (இன்டெல் நிரலை ஆப்பிள் சில்லில் ஓட்டவைக்கும் வசதி) திறந்தால்தான் உண்டு.

இப்போது செய்யவேண்டிய வேலை. 12-ஐத் தனி ஃபோல்டரில் நிறுவுங்கள், 11-ஐத் தொடாதீர்கள். கிட்டத்தட்ட முழு சிம்மும் ஒரே ஃபோல்டருக்குள் இருப்பதால் இரண்டும் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். வாங்கும் முன்பே டெமோவை இறக்கலாம். சின்னப் பகுதி, குறைந்த நேரம் என்று கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் உங்கள் விமானம் திறக்கிறதா, உங்கள் கணினி தாங்குகிறதா என்று பார்க்க அது போதும்.

அப்புறம் எல்லோரும் செய்கிற தவறு, பழைய கஸ்டம் சீனரி ஃபோல்டரை (நாம் சேர்த்த நிலையங்களும் நிலக்காட்சியும் இருக்கும் இடம்) அப்படியே அள்ளிப் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். பாதி விமான நிலையங்களைக் காணோம்! காரணம் சீனரி பேக்ஸ் என்ற ஐஎன்ஐ கோப்பு, அதாவது சீனரிகளின் பட்டியல். அதில் மேலே இருக்கும் வரிக்குத்தான் முன்னுரிமை. தரையை முழுசாக வரைகிற மெஷ் மேலே ஏறிவிட்டால் அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் மூடிவிடும். புதிய நிறுவலில் அந்தப் பட்டியல் அகரவரிசையில் உருவாகிறது. வான்படங்களிலிருந்து தரையைச் செய்யும் ஆர்த்தோ4எக்ஸ்பி நிரல் தன் ஃபோல்டர்களுக்கு இசட் எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது, கடைசிக்குப் போகத்தான். நான் வேறு மெஷ்ஷையும் வைத்திருந்தேன், அது மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன், எல்லாம் திரும்பி வந்தது.

பல நூறு ஜிபி ஆர்த்தோ (வான்படத் தரை) இருந்தால் இரண்டு நகல் வைக்கவேண்டாம். கஸ்டம் சீனரிக்குள் ஷார்ட்கட் வைத்தாலே போதும், சிம் பின்தொடர்ந்து போய் எடுத்துக்கொள்ளும். பழைய ஆர்த்தோ துண்டுகளில் 12-க்கான பருவகாலத் தகவல் இருக்காது, அதனால் அங்கே மரங்கள் பனிக்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். எனக்கு அது உறுத்தவில்லை.

விமான நிலையங்களில் இரண்டு விஷயம். இரவு விளக்குகள் ஒன்று மங்கலாக இருக்கும், இல்லை கண்ணைக் கூசும். 12-இன் ஒளிக்கணக்கே வேறு. இரண்டாவது, சிம்மோடு வரும் நிலையங்கள் பலவற்றை ஆர்வலர்களே செய்து கேட்வே என்ற இணையதளம் வழியாகக் கொடுக்கிறார்கள், அவை அப்டேட்டோடு வந்துகொண்டே இருக்கும். உங்கள் பழைய இலவச சீனரி அதைவிட மோசமாக இருக்கலாம். என்னிடம் இருந்த பெங்களூருவில் ஒரே ஓடுபாதைதான். 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதை திறந்துவிட்டார்கள், நானோ அது தெரியாமல் பழைய பெங்களூருவிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். வழிசெலுத்தல் தரவையும் 11-இலிருந்து நகலெடுக்காமல் 12-க்கென்று தனியாக இறக்குங்கள்.

பிளக்இன்களைக் கடைசியில், ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்றைப் போடு, சிம்மைத் திறந்து ஒரு சுற்று பற, அடுத்ததைப் போடு. சலிப்பான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சிம் விழுந்தால் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். பிளக்இன் காரணமென்றால் பல நேரம் அதன் பெயரையே எழுதி வைத்திருக்கும்.

ஸ்டீமில் வாங்கினால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அது கேட்காமலே அப்டேட் செய்துவிடும். நெட்வொர்க்கில் நண்பர்களோடு பறக்க நாள் குறித்திருந்தால், சிம்மைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் என்ற அமைப்பை முன்பே போட்டுவிடுங்கள். பீட்டா (சோதனைப் பதிப்பு) பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம்.

காசு கொடுத்து வாங்கிய விமானங்களுக்கு ஒரே விதி கிடையாது. சிலர் 12-க்கான பதிப்பை இலவசமாகத் தருகிறார்கள், சிலர் மேம்படுத்தும் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் மறுபடி முழு விலை கேட்கிறார்கள். 12 வாங்குவதற்கு முன் உங்கள் விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் இதை விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அந்தத் தொகை சிம்மின் விலையைத் தாண்டியது.

என் கணினியில் 11 இன்னும் இருக்கிறது. ஒரு டர்போபிராப் விமானம், செய்தவர் வேலையை நிறுத்திவிட்டார். 12-இல் திறக்கும், பறக்கவும் செய்யும், ஆனால் என்ஜின் கணக்கு மாறியதில் டேக்-ஆஃபிலேயே டார்க் (முறுக்குவிசை) முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. சிம்மோடு வரும் விமான வடிவமைப்பு நிரலான பிளேன் மேக்கரில் திறந்து சேமித்தும் பார்த்தேன், சரியாகவில்லை. அதை ஓட்ட ஆசை வரும்போது மட்டும் 11-ஐத் திறக்கிறேன், மாதத்துக்கு ஒரு தடவை இருக்கும்.