ஒரு பாகத்தைக் கையில் வாங்குங்கள்

தேர்தல் வேலைக்கு ஆசையோடு போய் மனம் நொந்து எழுதியவர்களின் கடிதங்கள் இம்முறை அதிகம். கொங்கு வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்கள் வெவ்வேறு கட்சிக்காரர்கள். ஆனால் குறை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேட்பாளர் நல்லவர் என்று நம்பித்தான் போனேன். பத்து நாளாக வெயிலில் நிற்பதும், வண்டி வந்தால் ஆரத்தித் தட்டு பிடிப்பதும்தான் வேலை. காலை ஒன்பது மணி என்பார்கள்; வண்டி பதினொன்றரைக்கு வரும். பி.காம். படித்த எனக்கு வேறு வேலையே கிடையாதா?
– வாசகி, கோபி

வண்டி ஏன் தாமதமாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் ஊருக்குப் பத்து நிமிடம் என்று திட்டம் போடுவார்கள். ஆரத்தி, பொன்னாடை, கோயில் கும்பிடு, நாலு வார்த்தை பேச்சு எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து ஆகிவிடும். எட்டு ஊர் தாண்டினால் இரண்டு மணி நேரம் போச்சு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் கடைசி ஊர்களுக்கு மைக்கும் இல்லை, பேச்சும் இல்லை, வெறும் கும்பிடுதான். பட்டியலில் உங்கள் ஊர் எத்தனையாவது என்று பார்த்து, ஊருக்குப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் வெயிலில் நிற்பது பாதியாகக் குறையும்.

ஆரத்தித் தட்டில் பணம் போட்டால் அது லஞ்சக் கணக்கில் வரும். வீடியோ கண்காணிப்புக் குழு படம் எடுத்தால் அதில் தட்டு ஏந்தியவரின் முகமும் இருக்கும். அந்த வேலை வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெண்களைத் தட்டுக்கும் ஆண்களைப் பட்டியலுக்கும் என்று பிரித்து வைப்பது கட்சிக்கே நட்டம். வீட்டு நடைவரை போய்ப் பெண்களிடம் உட்கார்ந்து பேச உங்களால்தான் முடியும்.

கிளைச் செயலாளரிடம் "எனக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்று கேட்டால் கொடிதான் கிடைக்கும். "இந்தப் பாகத்தை எனக்குக் கொடுங்க" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியல்தான் ஒரு பாகம். சுமார் ஆயிரம் பேர் இருப்பார்கள். பக்கத்துக்கு முப்பது கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். முப்பத்து நாலு பக்கம் அச்செடுத்தால் மொத்த வேலையும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

பட்டியலின் வரிசையும் நீங்கள் நடக்கும் வரிசையும் ஒன்றல்ல. நம் பக்கம் வீடுகள் ஊருக்குள் மட்டுமா இருக்கின்றன? தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளான சாளைகள் அரை மைல், ஒரு மைல் தள்ளித் தள்ளிக் கிடக்கும். பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடக்கும். பல சாளைகளுக்குக் கதவில் எண்ணே இராது. ஆகவே முதல் இரண்டு மாலை யாரிடமும் வாக்குக் கேட்காதீர்கள். ஊர் தெரிந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் இருக்கும் தெரு அல்லது தோட்டத்தின் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். கட்டிக்கொடுத்துப் போன பெண், திருப்பூருக்குக் குடிபோன குடும்பம், இறந்துபோன ஆத்தா எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு நடக்கும் வரிசையில் ஒரு நோட்டில் மாற்றி எழுதுங்கள். இதைச் செய்யாமல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரே தெருவுக்கு நாலு முறை போய், மூன்றாம் நாளே சலித்துப்போகிறார்கள்.

ஆயிரம் வாக்கு என்றால் முந்நூறு வீடு என்று வையுங்கள். இருவராகப் போனால் ஒரு மாலையில் ஊருக்குள் இருபது வீடு முடியும், தோட்டங்காட்டில் பத்துதான். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே சட்டம் உறுதி தருவது 14 நாள் இடைவெளி மட்டுமே. அதிலும் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிட வேண்டும். பெயர் பார்க்கும் வேலையைத் தேதி அறிவித்த வாரத்திலேயே தொடங்காவிட்டால் பாதிப் பாகம் பார்க்காமலே நின்றுவிடும்.

எல்லா வீட்டிலும் "உங்களுக்குத்தானுங்க" என்கிறார்கள். மோர் கொடுக்கிறார்கள். அடுத்த கட்சிக்காரருக்கும் அதே மோர், அதே வார்த்தை. எதை நம்பிக் குறிப்பது?
– வாசகர், காங்கேயம்

நம்மூரில் வீடு தேடி வந்தவரை முகம் முறிக்க மாட்டார்கள். அது மரியாதை; அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொள்ளக் கூடாது. "பாக்கலாமுங்க" என்றால் பெரும்பாலும் இல்லை என்றே பொருள். "உங்களுக்குத்தானுங்க" என்பதைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். "எத்தனை மணிக்குப் போவீங்க, வீட்டுல எத்தனை பேரு ஒண்ணாப் போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மனதில் முடிவெடுத்தவர் "பால் ஊத்திட்டு ஏழரைக்குப் போயிருவமுங்க" என்று சட்டென நேரம் சொல்லிவிடுவார். நேரம் சொல்பவருக்கு டிக் குறி, இழுப்பவருக்குக் கேள்விக்குறி, மறுப்பவருக்குக் கோடு. மூன்று குறி போதும். கேள்விக்குறி வீடுகளுக்கு மட்டும் இரண்டாம் முறை போங்கள்.

போகும் நேரமும் முக்கியம். பால் கறக்கும் நேரத்தில் தோட்டத்துக்குள் போகாதீர்கள். சொசைட்டி வண்டிக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் நீங்கள் சொல்வது காதில் ஏறாது. தறிக்குடோனில் வேலை செய்கிறவரை ஞாயிற்றுக்கிழமையில்தான் பிடிக்க முடியும். சாளைக்குப் போனால் மாடு கட்டும் கட்டுத்தறிப் பக்கம் சுற்றாமல் வாசல் படலிலேயே நின்று கூப்பிடுங்கள், நாய் அவிழ்ந்திருக்கும். டார்ச் இல்லாமல் பொழுது சாய்ந்தபின் வரப்பில் நடக்க வேண்டாம்.

பெட்ரோல், டீ, ஆயிரம் பிட் நோட்டீஸ் என்று சொந்தப் பணம் நாலாயிரத்துக்கு மேல் போய்விட்டது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், தாராபுரம்

பணம் திரும்பி வருவதைவிட, நீங்கள் சிக்கலில் மாட்டாமல் இருப்பது பெரிது. வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வதே குற்றம். அதற்குச் சட்டம் தரும் விலக்கு வெறும் 10 ரூபாய். நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லை என்றால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம் வரை போகலாம். மீதி நோட்டீஸ் கையில் இருந்தால் இன்றே கொடுப்பதை நிறுத்துங்கள்.

சட்டமன்றத் தொகுதிக்குத் தமிழ்நாட்டில் 2022 முதல் வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் பில் அந்தக் கணக்கில் ஏறாவிட்டால் அது யாருடைய செலவும் அல்ல, அப்புறம் கேட்டும் பயனில்லை. ஆகவே வாரா வாரம் ஒரே தாளில் தேதி, ஓடிய கிலோமீட்டர், தொகை எழுதி, பில்லோடு வேட்பாளர் தன் சார்பில் நியமித்த தேர்தல் முகவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. உழைப்பைத்தான் இலவசமாகக் கொடுக்க வந்தீர்கள். வீட்டுக் காசை அல்ல.

நாங்கள் வீடு வீடாகப் போய் எழுதிய நோட்டை, போன் நம்பரோடு கேட்கிறார்கள். வாக்குக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்காம். மூன்று வார உழைப்பு இதற்கா என்று அழுகை வருகிறது.
– வாசகி, சென்னிமலை

உங்கள் வருத்தம் நியாயமானது. கொடுக்காதீர்கள். பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே ஓராண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருந்தால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஆகிவிடும். இனி எழுதுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே போன் எண்ணையும் சாதியையும் நோட்டில் ஏற்றாதீர்கள். வாக்குக் கேட்க அவை தேவையே இல்லை. பணம் பிரிக்கத்தான் தேவைப்படும். குறிகளை அடையாளமாக மட்டும் வையுங்கள், எந்தக் குறி எதற்கு என்பது உங்கள் மனதில் இருக்கட்டும்.

கண்ணெதிரே பட்டுவாடா நடந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் செயலியில் படமோ, இரண்டு நிமிடம் வரை வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். ஆனால் செயலிக்குள்ளேயே, அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தை அது ஏற்காது.

வயதானவர்களுக்கு இயந்திரத்தில் சின்னம் தேடத் தெரியவில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– வாசகர், ஈரோடு

உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்தான், ஆகவே நோட்டாவையும் சேர்த்து ஐந்து இயந்திரம். "நம்ம சின்னம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இடது பக்கத்திலிருந்து இரண்டாவது பெட்டி, மேலிருந்து நாலாவது" என்று விரலால் எண்ணிக் காட்டுங்கள். அமுக்கியதும் பக்கத்தில் இருக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடியில், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு ஏழு வினாடி தெரியும், பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்குப் போடப் படிவம் 12டி உண்டு. அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிரசாரம் சூடுபிடிப்பதற்குள் அந்த நாள் தாண்டிவிடுவதால்தான் பலருக்கும் இது கிடைக்காமல் போகிறது.

முதல் முறையாகப் பூத் ஏஜென்ட். "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

இல்லை. தேர்தல் வேலையிலேயே மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது இதுதான்.

முந்தின நாள் இரவே வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்திட்ட படிவம் 10, அதாவது உங்கள் நியமனப் படிவம், உங்கள் கையில் இருக்க வேண்டும். "காலையில பூத்துக்கே கொண்டாந்து தர்றோம்" என்பதை நம்பாதீர்கள். கொண்டுவருகிறவர் இன்னும் இருபது பூத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டை, பாகப் பட்டியல் அச்சு, இரண்டு பேனா, இரண்டு ரூபாய் நாணயம் நாலைந்து, தண்ணீர், கட்டுச்சோறு. செல்போனை வீட்டிலேயே வையுங்கள்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. முகவர்கள் வரவில்லை என்றால் தலைமை அலுவலர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொடங்கிவிடுவார். குறைந்தது 50 வாக்கு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒன்றாவது பதிவாக வேண்டும். யாருக்கு எத்தனை அமுக்கினோம் என்று தாளில் கோடு போட்டு வாருங்கள். முடிவு அந்தக் கணக்கோடு பொருந்த வேண்டும். அதன்பின் வரும் ஒரு நிமிடம்தான் உயிர்நாடி: இயந்திரத்தைத் துடைத்து மொத்தம் பூஜ்யம் என்று காட்டச் சொல்லுங்கள், விவிபேட் பெட்டியைத் திறந்து மாதிரிச் சீட்டுகளை முழுதும் எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைப்பதைக் கண்ணால் பாருங்கள். அவசரத்தில் துடைக்க மறந்தால் அந்த 50 வாக்கும் உண்மை வாக்கோடு கலந்து, எண்ணும் நாளில் பெரிய வழக்காகும். கட்டுப்பாட்டு இயந்திரத்தின் எண்ணையும் பச்சைக் காகித முத்திரையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் வந்தவர்களைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வாருங்கள். வெளியே போகும்போது அந்தப் பட்டியலைக் கொண்டுபோகக் கூடாது. மாற்று முகவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முன்பு உட்கார்ந்து பெயர் பார்த்த பாகம் என்றால் இங்கேதான் கைகொடுக்கும்: இறந்தவர், ஊரில் இல்லாதவர் பெயரில் யாராவது வந்தால் உடனே தெரியும். விரலில் மை வைப்பதற்கு முன்பே ஆட்சேபம் சொல்லி இரண்டு ரூபாய் கட்டுங்கள். அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நியாயம் என்றால் காசு திரும்ப வரும். கத்திச் சண்டை போட வேண்டாம். தன் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டதாக ஒருவர் வந்து நின்றால் அவருக்குச் சீட்டில் வாக்களிக்க உரிமை உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும்.

முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு வாலிலிருந்து தலைக்கு டோக்கன் கொடுப்பார்கள். அதற்கப்புறம் வருகிறவருக்கு இடமில்லை. எல்லாம் முடிந்ததும், பசி, களைப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். படிவம் 17சி-யின் கையெழுத்திட்ட நகல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். மொத்த வாக்கு, இயந்திர எண், முத்திரை எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் உங்கள் கட்சி முகவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். அது இல்லாமல் எண் பொருந்தவில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

தோற்றுவிட்டோம். மறுநாளிலிருந்து ஒருவரும் போன் எடுப்பதில்லை. வேலை செய்ததே வீணா?
– வாசகி, பவானி

படிவம் 20 வெளியாகும்வரை பொறுங்கள். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் நோட்டில் எத்தனை டிக், பூத்தில் விழுந்தது எத்தனை என்று ஒப்பிடுங்கள். 420 டிக் போட்டு 300 விழுந்திருந்தால், நூற்றிருபது பேரின் மரியாதையை வாக்கு என்று எண்ணிவிட்டீர்கள். முன்னூற்றைம்பது டிக் போட்டு அவ்வளவும் விழுந்திருந்தால், உங்கள் கணக்கு சரி. தோல்வி வேறு பாகங்களில் நடந்தது. அதை எழுதி ஒன்றியச் செயலாளரிடம் கொடுங்கள், போன் எடுக்காவிட்டால் நேரில்.

நோட்டில் குறித்த இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் படிவம் 7, இடம் மாறியவர்களிடம் படிவம் 8, பதினெட்டு முடிந்த பிள்ளைகளிடம் படிவம் 6 கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் பட்டியல் தயாராகிறது. நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.