டேட்டா என்ட்ரி வேலை, வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ்
டேட்டா என்ட்ரி வேலை எடுத்துச் செஞ்ச உங்க தங்கச்சிகிட்ட அபராதம்னு கேக்கிற அந்த 5,900 ரூபாயைக் கட்டாதீங்க. டைப்பிங்ல பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா கும்பகோணம் கோர்ட்ல கேஸ்னு அவங்களுக்கு வாட்ஸ்அப்ல வந்த நோட்டீஸ் பூச்சாண்டியாத்தான் தெரியுது.

ஒப்பந்தத்துல "98 சதவீதம் பிழையில்லாம" மாதிரி ஒரு வரி இருக்கான்னு பாருங்க. எப்படி முடிச்சுக் கொடுத்தாலும் தேறலைன்னு சொல்லத்தான் அது. இப்படி வேலை கொடுக்கிறவங்க வருமானமே இந்த அபராதம்தான். விடிய விடிய அடிச்ச பக்கங்களை எவனும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்.

நிஜமாவே கேஸ் இருக்கான்னு தெரிஞ்சுக்க, நோட்டீஸ்ல கேஸ் நம்பர் இருந்தா கோர்ட் வழக்கு விவரம் தேடுற இ-கோர்ட்ஸ் தளத்துல போட்டுப் பாருங்க. இல்லேன்னா கும்பகோணம் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து தங்கச்சி பேர்ல தேடுங்க.

பதிவுக் கட்டணம்னு ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க. பிளாக் பண்றதுக்கு முன்னாடி மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஆனா தபால்லயோ அமீனா கையாலயோ நிஜமாவே சம்மன் வந்தா அலட்சியம் வேண்டாம். கோர்ட்ல இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுல காட்டுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வச்சுக் கொடுப்பாங்க.