ஒரே வரலாறு, ஒரே சேஞ்ச்லாக்: கேள்வி-பதில்

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து, ஒவ்வொரு வெளியீட்டிலும் என்ன மாறியது என்று சொல்லும் சேஞ்ச்லாக் கோப்பைத் தானாக உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் ஒன்றுதான்: கமிட்டில் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றத்தில்) இல்லாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து கோப்புக்குள் நுழைந்துவிடுகிறது.

ஒரே டேகிலிருந்து (வெளியீட்டுக்குரிய கமிட்டைச் சுட்டும் பெயர்) நானும் பில்ட் சர்வரும் தனித்தனியாக பில்ட் செய்கிறோம், அதாவது வெளியிடும் தொகுப்பை உருவாக்குகிறோம். சேஞ்ச்லாகில் மட்டும் ஒரு தேதி ஒரு நாள் தள்ளி நிற்கிறது. அதனால் செக்சம் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. நிரல் ஒன்றுதானே, இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். நீங்கள் வெளியிட்ட தொகுப்பு, நீங்கள் காட்டும் மூலநிரலிலிருந்துதான் வந்தது என்பதை வெளியாள் ஒருவர் தானே பில்ட் செய்து சரிபார்க்க முடியவேண்டும். ஒரு பைட் மாறினாலும் செக்சம் மாறிவிடும். மாறியது தேதியா, யாரோ செருகிய தீங்குநிரலா என்று செக்சம் சொல்லாது.

காரணம் நேர மண்டலம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளையும், எழுதியவரின் நேர மண்டலத்தையும் கிட் ஒவ்வொரு கமிட்டிலும் சேர்த்தே வைக்கிறது. சென்னையில் 2024 மார்ச் 5 அதிகாலை 1.40 மணிக்கு கமிட் செய்தால் உள்ளே இருப்பது 1709583000, அதன் பக்கத்தில் +0530. அதே நொடி யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் மார்ச் 4 இரவு 8.10. நொடியை மட்டும் எடுத்து உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிற ஸ்கிரிப்ட், உங்கள் மடிக்கணினியில் 5 என்றும் சர்வரில் 4 என்றும் எழுதுகிறது. எல்லாத் தேதிகளையும் யுடிசியிலேயே எழுதுங்கள். நேர மண்டலச் சூழல் மாறியை (நிரல்கள் இயங்கும்போது பார்க்கும் அமைப்பு மதிப்பை) ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே யுடிசி என்று வைத்துவிடுங்கள்.

கமிட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதிகள் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஒன்று மாற்றத்தை எழுதிய நாள், மற்றது அதைக் கமிட்டாகப் பதித்த நாள். ரீபேஸ் செய்தால் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி பதித்தால்) இரண்டாவது மாறும், முதலாவது அப்படியே இருக்கும். நான் இரண்டாவதையே எடுக்கிறேன். மாற்றம் வெளியீட்டுக்குள் வந்து சேர்ந்த நாளுக்கு அதுதான் நெருக்கமானது.

தலைப்பில் 'உருவாக்கிய நாள்' என்று இன்றைய தேதியைப் போடும் வரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு தேதி தேவைதான் என்றால், யார் பில்ட் செய்தாலும் அதே பைட்டுகள் வரவேண்டும் என்று உழைக்கும் ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தினர் வகுத்த 'சோர்ஸ் டேட் எபோக்' என்ற சூழல் மாறி அதற்காகவே இருக்கிறது. கடைசி கமிட்டின் நொடிக்கணக்கை அதில் வைத்தால், அதை மதிக்கிற கருவிகள் எல்லாம் 'இப்போது' என்பதற்குப் பதிலாக அந்த நேரத்தையே எழுதும். டெபியன் லினக்ஸில் இந்த மாறியின் மதிப்பே சேஞ்ச்லாகின் முதல் பதிவில் உள்ள தேதியிலிருந்துதான் வருகிறது. அந்தத் தேதி நகர்ந்தால் தொகுப்பின் மற்ற நேரமுத்திரைகளும் கூடவே நகரும்.

என் கணினியில் 140 வரிகள் வருகின்றன. பில்ட் சர்வரில் ஒரே ஒரு வரி. பிழைச்செய்தி எதுவும் இல்லை.

சர்வரில் முழு வரலாறு இல்லை. கிட்ஹப் தளத்தின் தானியங்கி பில்ட் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (மூலநிரலைச் சர்வருக்கு இறக்கும் படி) இயல்பாக ஒரு கமிட்டை மட்டுமே கொண்டுவரும், பழைய டேகுகளும் வராது. ஃபெட்ச் டெப்த் (எத்தனை கமிட் ஆழத்துக்கு இறக்கவேண்டும்) மதிப்பை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் டேகுகளும் வரும். அதுபோன்ற கிட்லேப் தளத்தில் புதிய திட்டங்களுக்கு இயல்பான ஆழம் 20. அது இன்னும் ஆபத்தானது. இருபது வரிகள் வருவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

கன்டெய்னருக்குள் (தனித்து ஒதுக்கிய இயங்குசூழலுக்குள்) பட்டியல் முற்றிலும் காலியாக வந்தால் கோப்புறையின் உரிமையாளரைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான களஞ்சியத்தில் (கிட் வரலாறு உள்ள கோப்புறையில்) வேலைசெய்ய கிட் மறுக்கிறது. அந்த மறுப்பை ஸ்கிரிப்ட் விழுங்கிவிட்டால் வெற்றுக் கோப்புதான் வெளியீட்டில் போகும். வரலாறு முழுமையாக இல்லை என்றாலோ கிட் பிழை தந்தாலோ பில்ட் அங்கேயே நிற்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுருக்க ஹாஷ் (கமிட்டின் நீண்ட அடையாளக் குறியீட்டின் தொடக்கப் பகுதி) ஓரிடத்தில் 7 எழுத்து, இன்னோரிடத்தில் 8 எழுத்து வருகிறதே?

2016இல் வந்த 2.11 பதிப்பு முதல், களஞ்சியத்தில் உள்ள பொருள்களின் (கமிட்டுகள், கோப்புகள் போன்றவற்றின்) எண்ணிக்கையைப் பார்த்து கிட்டே அந்த நீளத்தை முடிவுசெய்கிறது. ஆழம் குறைந்த நகலில் பொருள்கள் குறைவு, அதனால் ஹாஷும் குட்டையாகலாம். நீளத்தை 12 என்று வெளிப்படையாகக் கொடுங்கள், அல்லது முழு ஹாஷையே எழுதுங்கள்.

ஒரு கமிட் செய்தியில் பிழை எண்ணைத் தவறாக எழுதிவிட்டோம். அது சேஞ்ச்லாகிலும் அப்படியே வருகிறது. வரலாற்றைத் திருத்தி எழுதலாமா?

வேண்டாம். ஒரு செய்தியைத் திருத்தினால் அதற்குப் பின்வரும் கமிட்டுகள் அனைத்தின் ஹாஷும் மாறும், அவற்றைச் சுட்டிய பழைய டேகுகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். கிட் நோட்ஸும் (கமிட்டோடு தனியாக ஒட்டிவைக்கும் குறிப்புகளும்) உதவாது, சாதாரணமாக க்ளோன் செய்பவருக்கு (களஞ்சியத்தை நகலெடுப்பவருக்கு) அது வந்து சேர்வதில்லை.

க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கின்றன. அவற்றின் பொது நிரல் தொகுப்பான க்னூலிப்பில் உள்ள 'கிட்லாக் டு சேஞ்ச்லாக்' ஸ்கிரிப்ட், திருத்தக் கோப்பு ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. எந்த ஹாஷின் செய்தியில் எதை எப்படி மாற்றவேண்டும் என்று அதில் எழுதிவைக்கலாம். அந்தக் கோப்பையும் கமிட் செய்துவிடுவதால் திருத்தமே வரலாற்றின் பகுதியாகிவிடுகிறது. நீங்கள் வேறு கருவி பயன்படுத்தினாலும் இதே முறையைப் பின்பற்றலாம்.

எங்கள் கருவி புல் ரிக்வெஸ்ட் (ஒரு மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பம்) தலைப்புகளை இணையத்திலிருந்து எடுத்துப் பட்டியலிடுகிறது. படிக்க அழகாக இருக்கிறது. தவறா?

பில்ட் நேரத்தில் எடுப்பது தவறு. தலைப்பையும் லேபிளையும் யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்குத் தடயம் கிட்டில் இருக்காது. இணைக்கும்போதே தலைப்பை மெர்ஜ் கமிட்டின் (கிளையை இணைக்கும் கமிட்டின்) செய்தியில் எழுதிவிடுங்கள். பிறகு முதல் பெற்றோர் (ஒவ்வொரு மெர்ஜுக்கும் முன் முதன்மைக் கிளையில் இருந்த கமிட்) வழியாக மட்டும் வரலாற்றைப் படித்தால் அதே அழகான பட்டியல், இணையம் இல்லாமலேயே கிடைக்கும்.

டார் கோப்பாக (மூலநிரலை ஒன்றாகக் கட்டிய கோப்பாக) இறக்கி பில்ட் செய்பவரிடம் கிட் வரலாறே இருக்காதே?

இருக்காது. அதனால் டார் கோப்பைத் தயாரிக்கும்போதே சேஞ்ச்லாகை உருவாக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். அங்கே பில்ட் ஸ்கிரிப்ட் கிட்டைத் தொடவே கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் பராமரித்த ஒரு சிறு லைப்ரரியைப் பயனர் ஒருவர் டார் கோப்பாக இறக்கி, தன் திட்டத்தின் கோப்புறைக்குள் விரித்து பில்ட் செய்திருந்தார். வரலாறு இந்தக் கோப்புறையில் இல்லை என்றால் கிட் மேலே மேலே ஏறித் தேடும். அவருடைய திட்டத்தின் களஞ்சியம் ஒரு படி மேலேயே கிடைத்துவிட்டது. எங்கள் பெயர் தாங்கிய சேஞ்ச்லாகில் அவருடைய அலுவலகத்தின் கமிட் செய்திகள் வரிவரியாக நிறைந்திருந்தன. நல்லவேளையாக, வெளியிடுவதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். அன்றே ஸ்கிரிப்ட்டில் ஒரு சோதனை சேர்த்தேன்: களஞ்சியத்தின் வேர் இதே கோப்புறை இல்லையென்றால், உள்ளே இருக்கும் ஆயத்தக் கோப்பையே எடு.

பங்களித்தவர்களின் பெயர்ப்பட்டியல் இயந்திரத்துக்கு இயந்திரம் வரிசை மாறுகிறது.

வரிசைப்படுத்தும் கருவி கணினியின் மொழி அமைப்பைப் பார்க்கிறது. மொழி அமைப்பை 'சி' என்று நிலையாக வைத்தால் பைட் வரிசை வரும், எங்கும் மாறாது. ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு அது அகராதி வரிசை ஆகாது. யூனிகோடில் ன என்ற எழுத்து ம-வுக்கு முன்னால் இருப்பதால் கனகா முதலிலும் கமலா பின்னாலும் வருவார்கள், நம் அகரவரிசைக்கு நேர்மாறாக. இதற்கு மனம் ஒப்பவில்லை என்றால், வரிசை விதியை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதுங்கள், கணினியிடம் விடாதீர்கள். ஒருவரே இரு பெயர்களில் வந்தால் பெயர்களை ஒன்றாக்கும் மெயில்மேப் கோப்பில் சேர்த்து, அதையும் கமிட் செய்யுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

இருமுறை உருவாக்கி பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். இரண்டாவது முறை வேறு கோப்புறை, வேறு மொழி அமைப்பு, வேறு நேர மண்டலம் இருக்கட்டும். யுடிசிக்கு 12 மணி நேரம் பின்னால் ஒன்று, 14 மணி நேரம் முன்னால் ஒன்று என்று எடுங்கள். இடைவெளி 26 மணி நேரம் ஆவதால் எந்த நொடியை எடுத்தாலும் இரண்டிலும் தேதி வேறாகவே இருக்கும், தவறு ஒளிய இடம் இல்லை. தொகுப்புகளை ஒப்பிட டிஃபோஸ்கோப் கருவி மிக உதவும், சுருக்கிய கோப்புகளையும் பிரித்து எந்த வரி மாறியது என்று காட்டும்.

உங்கள் சொந்த கிட் அமைப்புக் கோப்பை ஒதுக்கிவைத்தும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கையொப்பத்தைக் காட்டு என்ற அமைப்பு என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்ததை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கையொப்பமிட்ட ஒவ்வொரு கமிட்டுக்கு மேலும் கையொப்பக் கருவியான ஜிபிஜியின் சரிபார்ப்புச் செய்தி, உள்ளூர் நேரத்தோடு, சேஞ்ச்லாகுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.