முன் ஷொக் அப்சோபரை வீட்டில் மாற்றலாமா?

காரின் குலுக்கத்தை அடக்கும் முன்பக்க ஷொக் அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது, கராஜுக்குக் கொடுக்காமல் நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். சென்ற ஆண்டு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் அத்தானும் நானும் என்னுடைய டொயோட்டா கொரொல்லா 110 காருக்கு மாற்றினோம். ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யவில்லை. நீங்களும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இவ்வகைக் கார்களில் முன்பக்க ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகப் பொருத்தப்பட்டிருக்கும். காரின் முன்பாரம் ஏறக்குறைய 600 கிலோ. அதில் பாதியை ஒரு ஸ்பிரிங் தாங்குகிறது. தூணைக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் நடுவே இருக்கும் ஒற்றை நட்டு. ஸ்பிரிங்கைக் கருவியால் அமுக்காமல் அந்த நட்டைத் திறந்தால் கையோ தாடையோ போய்விடும். ஆகவே தூண்கள் இரண்டையும் கழற்றி, முச்சக்கரவண்டியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பழைய ஷொக்கைப் பிரித்துப் புதியதைப் பூட்டித் தந்தார்கள். தூணின் உச்சியைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்டையும், தூண் திரும்ப உதவும் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பின்னர் மாற்ற நினைத்தால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் உண்மையான எதிரி துரு. கடற்காற்றின் உப்பு போல்ட்டுகளை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாக விட்டு, இரவு முழுவதும் ஊற விட்டோம். அப்படியும் கீழ் போல்ட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போனது. முற்றம் மணல் என்பதால் காரைச் சீமெந்துத் தரைக்குக் கொண்டுவந்தோம். மணலில் ஜக் புதைந்து சரியும். ஜக்கை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள், காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும் கொடுங்கள்.

சில்லைக் கழற்றியதும் பிரேக் குழாயைத் தூணிலிருந்து விடுவியுங்கள். கீழ் போல்ட் இரண்டையும் எடுக்குமுன் அவை இருந்த இடத்தைக் கீறி அடையாளமிடுங்கள். போல்ட்டுகள் வந்தவுடன் சில்லைத் தாங்கும் பகுதி வெளியே சாயும். கம்பியால் கட்டிவைக்காவிட்டால் பிரேக் குழாய் இழுபடும், அக்சில் மூட்டும் கழன்றுவிடலாம். பிறகு பொனற்றைத் திறந்து மேலே நடு நட்டைத் தொடாமல், அதைச் சுற்றி ஓரத்தில் உள்ள மூன்று நட்டுகளை மட்டும் கழற்றினால் தூண் கையோடு வரும். கடைசி நட்டைக் கழற்றும்போது கீழிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அத்தான் இல்லாமல் அது எனக்கு முடிந்திருக்காது.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கக்கூடும். பூட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் கோணம், சரிபார்க்காமல் கண்டிப் பக்கம் நெடும்பயணம் போகாதீர்கள். புதிய டயர்கூட ஓரம் தேய்ந்துவிடும்.