குமரி மலைக்காட்டில் நடந்து சென்று இரவு கூடாரம் அடித்துத் தங்கலாமா?

நடக்கலாம். காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து மலைகள் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018இல் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத் தீயில் பறிபோன மலையேறிகளின் உயிர்களை நினைத்தால், இந்தக் கண்டிப்பு நியாயம் என்றே சொல்வேன்.

வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் காளிகேசம் பாதை இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியுடன் போகலாம். இரவுக்கு நாகர்கோவிலில் அறை எடுத்துவிட்டு, விடியலில் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கிளம்புங்கள். ரப்பர் தோட்டங்களில் அப்போதுதான் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். கீறிய பட்டையிலிருந்து வெள்ளைப் பால் சிரட்டையில் சொட்டுவதை நின்று பாருங்கள்.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறும். பிடித்து இழுக்காமல் உப்பு தடவினால் தானே விழுந்துவிடும். ஆறுதான் உண்மையான ஆபத்து. நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டி வெள்ளம் வரலாம். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறிவிடுங்கள். ஆவி பறக்கும் யானைச் சாணம் கண்டால் வழிகாட்டி சொல்வதற்குக் காத்திராமல் திரும்புங்கள்.

முன்பதிவு கிடைக்காவிட்டால் பொற்றையடி அருகே மருந்துவாழ்மலை ஏறலாம்; உச்சியிலிருந்து கடல் தெரியும்.