54 வயதில் நாவல் எழுதத் தொடங்கலாமா? கற்பனை எங்கிருந்து வரும்?

கேள்வி கேட்ட சகோதரி சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வயது 54, நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் (நூலைக் கூம்புகளில் சுற்றுகிற பிரிவு) 27 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார், நாவல் எழுத வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை, ஆனால் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை, தனக்குக் கற்பனை என்பதே கிடையாதோ, காலம் கடந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

காலம் கடக்கவில்லை. என் நாவலின் முதல் வரியை எழுதும்போது எனக்கு வயது 61. அது அச்சாகிக் கைக்கு வந்தபோது 66. அதற்கு முன் கதை, கவிதை என்று ஒரு துணுக்குகூட எங்கேயும் வந்ததில்லை. அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் பத்திர எழுத்தராக இருந்தவன். தாராபுரம் வட்டாரத்தில் 1979-ல், 21 வயதில், மூத்த எழுத்தர் ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். அப்புறம் லைசென்ஸ் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஓட்டுச் சாய்ப்பு ஒன்றில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். கிரையம், அடமானம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில் என்று ஒரு குடும்பத்தில் சொத்து கைமாறுகிற அத்தனை வழியும் அந்த மேஜைமேல் நடந்திருக்கிறது. 2018-ல் பத்திரப்பதிவு முழுக்க இணையவழிக்கு மாறியபோது எனக்கு 60, கண்ணும் தளர்ந்திருந்தது, தொழிலில் கூடவே இருந்த தங்கை மகனிடம் மேஜையை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பது வருஷம் எழுதியே பிழைத்திருக்கிறேன், ஆனால் அதில் என் சொந்த வாக்கியம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

நாவல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

1992-ல் ஒரு பாட்டி தன் வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்க வந்தார். எழுபது வயது இருக்கும். கூடவே மகன், மருமகள், சாட்சிக்கு இரண்டு பேர். நான் எழுதி முடித்து வாசித்துக் காட்டுகிறேன். சகல பாத்தியங்களும் இன்று முதல் உனக்கே என்கிற இடம் வந்ததும் பாட்டி கையை நீட்டித் தாளின்மேல் வைத்துவிட்டார். உள்ளங்கை முழுசாகத் தாளில் பதிந்திருக்கிறது, ஆட்காட்டி விரல் நுனியில் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு காய்ந்திருக்கிறது. "கெழக்குத் திண்ணை மட்டும் எனக்குன்னு எழுதிப்போடு கண்ணு" என்றார். மகன், "ஏம்மா, உன்னைய வெளிய தள்ளிப்போடுவமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நாலு பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்கிற சங்கடம்தான். பாட்டி பதில் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகனே, "எழுதிருங்க" என்றார்.

மேற்படி வீட்டின் கிழக்குத் திண்ணையை மட்டும் என் ஆயுள்பரியந்தம் நானே அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று வரிக்கு மேலே இடைச்செருகலாக எழுதினேன், கடைசிப் பக்கத்தில் அந்த இடைச்செருகலைக் குறித்தேன், பாட்டி இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். அத்தோடு முடிந்தது. அன்றைக்கே வேறு இரண்டு பத்திரம் எழுதியிருப்பேன், அவை எதுவும் ஞாபகத்தில் இல்லை.

ஏன் திண்ணை? உள்ளறை கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று கேட்பவர்கள் உண்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உரிமையை எழுதச் சொல்பவர்கள் நிறைய. திண்ணை கேட்டவர் அவர் ஒருத்தர்தான். சவரம் செய்யும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்று சம்பந்தமே இல்லாத நேரத்தில் அந்தக் கை என் முன்னால் வந்து தாளின்மேல் உட்காரும். 26 வருஷம் அப்படியே போயிற்று.

வேலையை விட்ட பிறகு ஒருநாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வீடு இருந்தது. திண்ணையைச் சுற்றி இரும்புக் கிரில் வைத்து அடைத்திருந்தார்கள், உள்ளே ஒரு மொபெட், இரண்டு உரச்சாக்கு. கதவைத் தட்டி விசாரித்திருக்கலாம், தட்டவில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்று, அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று திரும்பிப் பார்த்தேன். பால் சொசைட்டி தெரிந்தது. அதைத் தாண்டி, ஊருக்குள் வருகிற பஸ் வளைந்து திரும்பி நிற்கிற இடம் தெரிந்தது. அந்த ஊரில் யார் வந்து இறங்கினாலும் கிழக்குத் திண்ணையில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

அப்படியானால் அவர் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். யாரை என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் பத்திரத்தில் எழுத முடியாது, எழுதினால் குற்றம். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் மனசு தன் பாட்டில் பின்ன ஆரம்பித்துவிட்டது: ஒரு மகள் இருந்திருக்கலாம், அவள் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் வராமல் இருக்கலாம், அம்மாவுக்கு அவள்மேல் கோபம் தீராமலும் இருக்கலாம், ஆனாலும் பஸ் வரும் நேரத்துக்குத் திண்ணைக்கு வந்துவிடுவார். தாராபுரம் வந்து இறங்குவதற்குள் அந்த மகளுக்கு ஒரு நடை வந்துவிட்டது, கழுத்தைச் சாய்த்துப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. கற்பனை எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களே, எனக்கு அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்தது.

எங்கள் தொழிலில் நான்கெல்லை என்று எழுதுவோம். இன்னார் காட்டுக்கும் வடக்கு, வண்டித்தடத்துக்கும் மேற்கு, இன்னார் தோட்டத்துக்கும் தெற்கு, ஓடைக்கும் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள பூமி. பூமி எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை இருக்காது, சுற்றி இருப்பதைச் சொன்னாலே அது எது என்று தெரிந்துவிடும். என் நாவலுக்கும் நாலு எல்லைதான் இருந்தது: தாளின்மேல் வைத்த கை, நான் எழுதிய அந்த ஒரு வரி, கிரில் போட்ட திண்ணை, பஸ் திரும்பும் இடம். இந்த நாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மத்தியில் இருந்தது தெரியாது. நாலு வருஷம் நான் எழுதியது அந்த மத்தியைத்தான். (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் நாவலில் ஊர், உறவு, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றினேன். இந்தப் பதிலிலும் ஒன்றிரண்டை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் மில்லைப் பற்றி எழுதினால் கூட வேலை பார்த்தவர்களுக்கு இந்த மரியாதையைச் செய்துவிடுங்கள்.)

சரி, விஷயம் கிடைத்துவிட்டால் எழுத்து தானாக வந்துவிடுமா என்றால், இல்லை. முதல் நாற்பது பக்கத்தை என் மகள் படித்துவிட்டு, "அப்பா, இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. யாரும் பின்னால் வேறு அர்த்தம் எடுத்துவிடக் கூடாது என்று நாற்பது வருஷம் எழுதிய கை அது. நாவலில் வரும் மகள் வீட்டை விட்டு ஏன் போனாள் என்று மூன்றாம் பக்கத்திலேயே காரணத்தோடு எழுதி முடித்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்த மகள் வீட்டுக்குள் வந்து போகும் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு இறுக்கம் வந்தது, எனக்கே அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமல் எழுத முடிந்தது.

இன்னொரு பெரிய தடை அடித்தல் திருத்தல். பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தாலும் எத்தனையாம் பக்கம், எத்தனையாம் வரி என்று கடைசியில் குறிக்க வேண்டும், அதனால் அடிக்காமல் எழுதுவதுதான் தொழில் சுத்தம். நோட்டில் ஒரு வரி தப்பாக வந்தால் பேனா அப்படியே நின்றுவிடும், அன்றைய பொழுது போய்விடும். அப்புறம் ஒரு நோட்டை அடிப்பதற்கென்றே வைத்தேன். ஒரு பக்கம் எழுதுவது, அதில் பாதியையாவது அடிப்பது. ஆறு மாதம் ஆயிற்று கை பழக. உங்களுக்கும் மில் வேலை பழக்கிவிட்ட ஏதாவது ஒன்று இப்படி எழுத்தில் வந்து குறுக்கே நிற்கும். அறுந்த நூலை உடனே முடிந்துவிட்டு அடுத்ததற்குப் போகிற கை உங்களுடையது. கதையில் சில நூலை அறுந்தபடியே கொஞ்ச தூரம் விட வேண்டியிருக்கும்.

வயதைப் பற்றி. பெரியவர்களோடு நம்மை ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, தைரியத்துக்காகச் சொல்கிறேன். இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணன் கோபல்ல கிராமம் என்ற நாவலை வெளியிட்டது 1976-ல், ஐம்பதைத் தாண்டிய பிறகு. மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவல் புத்தகமாக வந்தது 1988-ல், அவருக்கு 44 வயதில்; 1997-ல் சாகித்திய அகாதமி விருதே வந்தது. ஆனால் எனக்கு ரொம்ப உதவியது இங்கிலாந்துக்காரர் பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என் மகள்தான் அவரைப் பற்றிச் சொன்னாள். 1916-ல் பிறந்தவர், முதல் நாவல் வந்தது 1977-ல், 60 வயதில். நோயில் கிடந்த கணவருக்குப் பொழுதுபோக வேண்டும் என்று எழுத ஆரம்பித்தது அது. அதுவரை வேலை, பிள்ளைகள், பணக்கஷ்டம். வாடகை குறைவு என்று தேம்ஸ் நதியில் பழைய படகு ஒன்றில் குடும்பத்தோடு குடியிருந்திருக்கிறார், 1963-ல் அந்தப் படகு சாமான்களோடு முழுகிப் போயிற்று. 16 வருஷம் கழித்து அந்தப் படகு வாழ்க்கையை நாவலாக எழுதினார், அதற்கு 1979-ல் புக்கர் பரிசு கிடைத்தது. வேலை பார்த்த புத்தகக்கடை ஒரு நாவல், போர்க்காலத்தில் வேலை பார்த்த பிபிசி ஒரு நாவல், பாடம் நடத்திய நாடகப் பள்ளி ஒரு நாவல். தான் நின்ற இடத்தையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் வெகு தூரம் போனார்: 1995-ல் வந்த அவருடைய கடைசி நாவல் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நடக்கிறது. இதை மகள் சொன்ன அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. முழுகிப்போன படகு 16 வருஷம் கழித்து எழுந்து வரும் என்றால் என் பாட்டியின் திண்ணை 26 வருஷம் கழித்து வரக்கூடாதா?

மற்றபடி நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை நாலரையிலிருந்து ஆறு வரை எழுதினேன், வீடு எழுந்த பிறகு எழுத முயன்றதில்லை. கண்ணுக்குச் சிரமமாக இருந்தபோது கூகுளின் குரல்வழித் தட்டச்சில் சொல்லச் சொல்ல போனில் ஏற்றினேன். அதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது: வாய்விட்டுச் சொன்னதால் பேச்சு வரும் இடங்களெல்லாம் பேச்சாகவே வந்தன, கையால் எழுதினால் பாட்டிகூடப் பத்திர பாஷையில் பேசுவார். மூன்று முறை முழுக்கத் திருப்பி எழுதினேன். ஒரு பதிப்பகம் நாற்பதாயிரம் கொடுத்தால் போடுகிறோம் என்றது, கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் பதிலே இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு சின்னப் பதிப்பகம் தன் செலவில் முந்நூறு பிரதி போட்டது. அச்சாவதைப் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள், அது வேறு வேலை, அதற்கு நேரம் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியின் கீழே நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரி. ஒன்றுமே வருவதில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு உதாரணமாக, "மூன்றாவது ஷிப்ட் முடிந்து வந்தால் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், அது பாட்டுக்கு இருக்கும், அதையெல்லாம் எழுதி யார் படிப்பார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். 27 வருஷம் விடியக்காலையில் அந்தப் பஞ்சோடு வாசலில் வந்து நின்றிருக்கிறீர்கள். கதவைத் திறந்தது யார்? முதலில் முகத்தைப் பார்த்தார்களா, தலையைப் பார்த்தார்களா? பஞ்சைத் தட்டிவிட ஒரு கை நீண்டதா, யாருடையது? ஏதோ ஒரு வருஷத்தில் அந்தக் கை நின்று போயிற்றா? நாளைக் காலையில் இதை மட்டும் எழுதிப் பாருங்கள். தெரிந்த வரைக்கும் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாத இடம் வந்தால் நோட்டை மூடிவிடாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். எழுதியதை இங்கே போட்டால் நான் கட்டாயம் படிப்பேன்.